இரண்டாவது மாத்திரை

அன்புள்ள மகனுக்கு,

நர்ஸ் சுஜாவை நீ வேலையிலிருந்து நிறுத்தியதிலிருந்து பகலெல்லாம் தூங்குகிறேன். தூக்க மாத்திரையை இரண்டாகக் கொடுக்கச் சொல்லி நீ துபாயிலிருந்து பேசியபோது, "டாக்டர் எழுதினது ஒண்ணுதான் சார். அவரு எழுதித் தந்தா ரெண்டு குடுக்கேன்" என்றாள். நீ சொன்னதுபோல் அது திமிர் அல்ல.

புதியவள் எதுவும் கேட்பதில்லை. "ரெண்டையும் முழுங்கும்மா, மகன் சொல்லியாச்சுல்லா" என்று வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாள். நேற்று உட்கார்ந்தபடியே சேலையை நனைத்துவிட்டேன். கான்வென்டில் படித்த நாளிலிருந்து கசங்கிய துணிகூட உடுத்தாதவள் நான்.

இன்று மாத்திரைகளை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, அவள் அடுக்களைக்குப் போனதும் துப்பிவிட்டு எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சுஜாவைத் திரும்ப வரச் சொல். இனி இரவில் போன் செய்து உன் தூக்கத்தைக் கெடுக்கமாட்டேன்.

உன் அம்மா