மதகடியில் உரக்கச் சொன்ன பெயர்

மைனி,

நேற்று சாயங்காலம் ஆற்றங்கரை நடைபாதைக்குப் போயிருந்தேன். பழைய மில் சுவரையொட்டித் திரும்பியதும் ஈரச் செங்கலும் இயந்திர எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தது. மில் ஓடி எத்தனையோ வருடமாகிறது. சுவருக்குள் எண்ணெய் ஊறித்தான் கிடக்கிறது போல. வேலை முடிந்து வரும்போது உங்கள் சேலையில் அடித்த வாசனை அதுதான். நடக்க முடியாமல் அங்கேயே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்கள் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டு பாளையங்கோட்டையிலிருந்து இந்த மலையடிவாரத்து மில் ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் அவர் எனக்குச் சுற்றிக்காட்டிய ஒரே இடம் இந்தக் கரைதான். ஒரு பக்கம் தாமிரபரணி, மறுபக்கம் செங்கல் வளைவுகளோடு நீண்டு போகும் மில், அதற்கு மேலே புகைபோக்கி, அதற்கும் மேலே மலை. நடைபாதைக் கற்களுக்கு நடுவே, முன்பு பஞ்சுப் பொதி வண்டிகள் ஓடிய தண்டவாளம் பதிந்திருக்கும். வாய்க்கால் வழியே மில்லுக்குள் போய்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர், மதகு வழியாக மறுபடி ஆற்றில் விழும். அங்கே நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

நீங்கள் அப்போது நூற்புப் பிரிவில் இருந்தீர்கள். கல்யாண வாழ்க்கை நிலைக்காமல் தம்பி வீட்டோடு வந்து, மில் வேலையே கதி என்று இருந்தவர். அந்த இரைச்சலிலேயே வருடங்கள் கழிந்ததில் உங்களுக்குக் காது பாதி போயிருந்தது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வீர்கள். நீங்கள் பேசினால் தெரு முனை வரைக்கும் கேட்கும். முதலில் எனக்கு அது பயமாக இருந்தது. நமக்குள் சோறு, தண்ணீர், கொடியில் காயும் துணி என்பதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை.

மறு வருடம் பிள்ளை பிறந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தாள். பிறகு இல்லை.

வீட்டில் எல்லாரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். நான் வீடு திரும்புவதற்குள் தொட்டிலைக் கழற்றிவிட்டார்கள். தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. உடம்பு வற்றிவிடும், அழாதே என்றார் அத்தை. அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள் அண்டை வீட்டார். உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்கப் பயந்து அலுவலகத்திலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூட அவளைப் பற்றிப் பேசவில்லை. அப்படி ஒருத்தி வந்ததே நான் கண்ட கனவோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று.

ஒருநாள் மில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். முகம்கூடக் கழுவவில்லை, முடியெல்லாம் பஞ்சு. அத்தையிடம், இவளைச் சும்மா ஆத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். வழியெல்லாம் பைய நட, பைய நட என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கரையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பட்டாணிச் சுண்டல் விற்பவர், புதுமணத் தம்பதிகள், புகைபோக்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள். எல்லாரையும் தாண்டி என்னை மதகடிக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடிச் சுவரருகே நிறுத்தினீர்கள். முகமெல்லாம் சாரல். என் காதருகே குனிந்து சொன்னீர்கள்.

"இங்கன அழுளா. யாருக்கும் கேக்காது."

எனக்கு அழுகை வரவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பி,

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்த?" என்றீர்கள்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. உதடு பிரிந்தும் பிரியாமலும் சொன்னேன்.

"பாலாவா?" என்றீர்கள்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி சொன்னேன். உங்களுக்குப் புரியவில்லை. கண்ணைச் சுருக்கி என் உதட்டையே பார்த்து, "கேக்கலளா, இன்னொரு மட்டம் சொல்லு" என்றீர்கள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்கும் புரியவில்லை என்று தலையை ஆட்டினீர்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"மாலா, மைனி. மாலா."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, மூச்சு வாங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் இரைச்சலில் ஒரு சத்தமும் வெளியே போகவில்லை. நான் விழுந்துவிடாதபடி இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தது உங்கள் கை மட்டும்தான். நான் ஓய்ந்த பிறகு, உங்கள் மில் குரலில், ஆற்றைப் பார்த்து, "மாலா" என்று ஒரு தடவை சொன்னீர்கள். வேறொரு வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததை அன்றுதான் கேட்டேன். அப்படியானால் அவள் இருந்தாள்.

அன்றிரவு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதிலிருந்து பல வெள்ளிக்கிழமைகள் நாம் அந்தக் கரைக்குப் போனோம். பைய பையச் சிரிக்கவும் ஆரம்பித்தேன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சங்கரன் பிறந்தான். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். மில்லில் ஒவ்வொரு பிரிவாக மூடி, உங்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் சங்கரனை வளர்த்தது நீங்கள்தான். அவன் இன்றைக்கும் உரக்கப் பேசுவது அதனால்தான்.

ஒன்று மட்டும் என் மனசில் கிடந்தது. மில்லுக்குள் அந்தக் கோடியில் நிற்பவள் உதடு அசைத்தாலே இந்தக் கோடியிலிருந்து பதில் சொல்வீர்கள் என்று உங்கள் கூட்டாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்ற என் பேச்சு எப்படிப் புரியாமல் போகும்? போன வருடம் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, தலை சீவிவிட்டுக்கொண்டே, ஒருவழியாக அதைக் கேட்டுவிட்டேன். நீங்கள் என் உதட்டைப் பார்த்தீர்கள். பிறகு லேசாகச் சிரித்தீர்கள்.

"மொதல்லயே தெரிஞ்சிட்டுளா. தெரிஞ்சிட்டுன்னு சொன்னா நீ நிறுத்திருவல்லா?"

உங்களுக்கு நன்றி சொல்ல அப்போது வாய் வரவில்லை. சீவிய முடியையே மறுபடி சீவிக்கொண்டிருந்தேன். நீங்களே, சடையைப் போடு என்றீர்கள். அதன் பிறகு அதிக நாள் நீங்கள் இருக்கவில்லை.

மைனி, பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் புதிதாகப் பழகுகிறவர்கள் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்கள். இரண்டு என்று சொல்கிறேன். இளையவன் சங்கரன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். மூத்தவள் பெயர் மாலா.