சிவப்பு வந்தால்

3-10-66, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. குடையில் இன்னொரு கம்பி போயிற்று.

காலை, பாதிரிமார் படிக்கும் செமினரியில் தமிழ் வகுப்பு. புதிதாக வந்த வெள்ளைக்காரப் பிரதர்கள் இரண்டு பேரும் சந்தையில் தாங்களே பேசிப் பூண்டு வாங்கினார்களாம். ஒரே பெருமை. கிளாவரை ஊரில் விளைந்த நல்ல பூண்டு என்று எதையோ தலையில் கட்டியிருக்கிறார்கள். சொல்லவில்லை. தமிழில் ஏமாந்தார்களே, அதுவே தேர்ச்சிதான்.

வகுப்பு முடிந்ததும் ஃபாதர் லூயி கூப்பிட்டார். அங்கே தேவ சாஸ்திரம் நடத்துகிறவர். முன்பு நான்தான் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாவத்துக்கு இன்னும் பாடப் புத்தகம் மாதிரியே பேசுகிறார். "ஐயா, அடுத்த புதன்கிழமை தாங்கள் எம் மாணவர்களுக்கு உரையாற்ற வேண்டும். ஓர் இந்து எவ்வாறு நம்புகிறான் என்பது பொருள்." ரோமில் சபை கூடி முடிந்த பிறகு இங்கே எல்லாம் புதுக்காற்று. பிற மதத்தாரை அவரவர் வாயாலேயே கேட்க வேண்டுமாம்.

"நான் தமிழ் வாத்தியார், சாமி. மதம் படித்தவன் இல்லை."

"படித்தவர்கள் இங்கே ஏராளம். நம்புகிறவர் வேண்டும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

நான் நம்புகிறேனா? பழனியில் பூக்கட்டுகிற பண்டாரக் குடும்பம். அப்பா கட்டிய மாலை தினமும் மலைமேல் போகும். திருநீறு இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. அது வழக்கம். பல் தேய்ப்பதும் வழக்கம்தான். நம்பிக்கை எங்கே என்று உள்ளே துழாவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. இதைப் போய் நாற்பது பேர் முன்னால் சொல்வதா?

ரேஷனில் இன்றும் அரிசி இல்லை. காமு கோதுமைக் கஞ்சி வைத்தாள். எனக்கு ஊற்றிவிட்டுத் தான் அரை டம்ளர் குடிப்பதற்குள் திணறிப் போனாள். கழுத்துக் கட்டி போன மாதத்தைவிடப் பெரிது. 'சளி' என்கிறாள்.

5-10, புதன்

மழை. காமுவை இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கழுத்தை அழுத்திப் பார்த்தார், முழுங்கச் சொன்னார், மூச்சை இழுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து: "கட்டி உள்பக்கமா வளந்து மூச்சுக் குழாயை அழுத்துது. மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிடுங்க. டிலே பண்ணாதீங்க, சார்."

ஆபத்து உண்டா?

"எந்த ஆபரேஷன்லயும் உண்டு. குரல் கொஞ்சம் மாறலாம். பண்ணாம விட்டா இன்னும் ஆபத்து."

திரும்பும் வழியில், ஏரிக்கரை வளைவில் காமு நின்றுவிட்டாள். "அவங்கிட்டக் கேக்காம நா எங்கயும் வரல."

அவன் என்றால் முருகன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கோயிலுக்குப் போவது 'அவனப் பாத்துட்டு வாரேன்'. திருவிழாவுக்குக் கூட்டம் சேர்ந்தால் 'அவனப் போட்டு நசுக்குறாங்க'.

பூக்கட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை என்றால் ஆபரேஷன். சிவப்பு என்றால் வேண்டாம்.

"சிவப்பு வந்தா?"

"வரட்டும், பாப்பம்."

என்னத்தைப் பார்ப்பது? கோபத்தில் அவளை விட்டு முன்னால் நடந்தேன். பிறகு நின்றேன். மேட்டில் அவள் ஏறிவரும் மூச்சு, ஆள் தெரிவதற்கு முன்னால் கேட்டது.

7-10, வெள்ளி

வாங்க: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, குடைக்கம்பி, காமுவுக்குத் தேன்.

பேச்சுக்குக் குறிப்பு:
1. உருவம், அருவம். (எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர்களே படித்திருப்பார்கள்.)
2. வினைப்பயன். (வேண்டாம். கேள்வி வரும்.)
3. பழனி. பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறி நின்ற பிள்ளை. (இதில் சாஸ்திரம் எங்கே?)
4. நான்.

நாலாவதுக்கு எதிரே ஒன்றுமில்லை. பேனாவைத் துடைத்து வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டம்மா யாரிடமோ, ஜன்னலுக்கு நேர் கீழே: "புள்ள குட்டின்னு ஒண்ணு இருந்தா 'கெளம்புத்தா'ன்னு தூக்கிட்டுப் போயிருக்கும். இந்த வாத்தியாருக்கு அந்தத் தைரியம் ஏது?"

உண்மைதான். பிள்ளையும் இல்லை, தைரியமும் இல்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

10-10, திங்கள்

குளிர். நாளைக்குச் செவ்வாய், அவனுக்கு உகந்த நாள் என்று காமு முடிவு செய்துவிட்டாள். வத்தலக்குண்டு பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருந்தேன், அரளி கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை ஒரு கை, சிவப்பு ஒரு கை. இரண்டும் ஒரே கனம், ஒரே பருமன். பொட்டலத்தைத் தொட்டு யாராலும் சொல்ல முடியாது.

பொட்டலம் கட்டுவது நான். குலத்தொழிலாயிற்றே. "நீங்களே கட்டுங்க, வேற ஆளு எதுக்கு?" என்றாள்.

காலையிலிருந்து இதையேதான் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்: இரண்டிலும் வெள்ளை. எதை எடுத்தாலும் வெள்ளை. புதன் கழிந்ததும் மதுரை. யாருக்கு நஷ்டம்? நம்பாதவனுக்கு இதில் என்ன கூச்சம்? அவள் உயிர் பெரிதா, ஒரு கை அரளி பெரிதா?

முடிவு செய்தாயிற்று. மனசு லேசாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கழுவிய தட்டையே இரண்டு தடவை மறுபடி கழுவியிருக்கிறேன்.

11-10, செவ்வாய்

வெள்ளனே கிளம்பினோம். தெளிவான நாளில் இந்த ஊர் முருகன் கோயில் வாசலிலிருந்து கீழே பழனி மலை தெரியும். இன்று மூட்டம். இருந்தாலும் காமு அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் தனியாக உட்கார்ந்தேன். வாழையிலையைக் கிழித்தேன். முதல் பொட்டலம், வெள்ளை. நார் சுற்றி முடிந்தேன். இரண்டாவதற்கும் வெள்ளையை எடுத்து இலையில் வைத்தேன்.

மடிக்க வரவில்லை.

அங்கே ஒருவருமில்லை. பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார், காமு முன்வாசலில். ஆனாலும் பின்னால் யாரோ நின்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி. பெரிய ஆள் இல்லை. நான் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குத்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். மூட்டம்தான். மறுபடி மடிக்கப் போனேன். கை கேட்கவில்லை. என்மேலேயே எரிச்சல் வந்தது. அடே, அவள் கழுத்தடா!

வெள்ளையைக் கொட்டிவிட்டுச் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் காமு கையில் கொடுத்தார். பிரித்தாள்.

சிவப்பு.

அவள் ஒரு பூவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். என் கையால் கட்டினேன். தப்பிக்க வழி இருந்தது, அதையும் என் கையாலேயே கொட்டினேன். அவளுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான்.

நாளைக்குப் பேச்சு வேறு.

12-10, புதன்

பேசியாயிற்று. குறிப்புத் தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

உருவம், அருவம் என்று தொடங்கினேன். நிறுத்திவிட்டு நேற்று நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, அரளி, பாறை, மடிக்காத கை, சிவப்பு. "இவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டேன். யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம்.

திண்டுக்கல் பக்கத்துப் பிரதர் ஆரோக்கியம் எழுந்தார். நல்ல பையன், கையெழுத்துத்தான் கோழி கிளறினது. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அப்ப ஆபரேசன் வேண்டாம்னு விட்ருவீங்களா?"

விடுவேன் என்றால் நான் மடையன். விடமாட்டேன் என்றால் எதற்காகச் சிவப்பைக் கட்டினேன்? மணி அடித்தது. அடித்தவர் நன்றாக இருக்கட்டும்.

தாழ்வாரத்தில் ஃபாதர் லூயி கூடவே வந்தார். "ஐயா, இரண்டிலும் வெள்ளை வைத்திருந்தால் பாவம் என்று அஞ்சினீர்களா?"

"பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை, சாமி. ஆள் இருக்கும்போது எப்படிச் செய்வது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். சாஸ்திரமாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தாங்கள் அம்மாவை மதுரைக்கு அழைத்துச் செல்லுங்கள். விவாதம் பிறகு செய்வோம். வத்தலக்குண்டு வரை எங்கள் ஜீப் வரும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். காமுவிடம் யார் சொல்வது?

13-10, வியாழன்

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு.

ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. கெஞ்சுவது, அதட்டுவது, மறுபடி பூக்கட்டலாம் என்று சொல்வது. காலையில் எழுந்து பார்த்தால் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. இரண்டு சேலை, கம்பளி, என் வேட்டி, தேன் பாட்டில்.

"என்ன காமு இது?"

"மதுரைக்குப் போவணும்ல. வெரசா குளிங்க. லீவு சொல்லிட்டீங்களா?"

"அவன்தான் வேண்டாம்னுட்டானே!"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வேண்டாம்னுதான் சொல்லுவான். 'ஆத்தா கழுத்துல கத்தி வைக்கப் போறாங்க, சரியாடா'ன்னு கேட்டா எந்தப் புள்ளை சரிங்கும்? பயந்து போயிருக்கான். நாமதான் தைரியம் சொல்லிட்டுப் போவணும்."

"பின்ன எதுக்குடி கேட்ட?"

"கேக்காமப் போனா கோவிச்சுக்குவான்ல. ஏற்கெனவே ஒருக்கா கோவிச்சுக்கிட்டு மலையேறுனவன்."

சொல்லிவிட்டுத் துண்டை மடித்தாள். மடித்ததையே மூன்று தரம் மடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியை அமுக்கிப் பிடித்தேன், அவள் பூட்டினாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவளுக்கு ஒரு பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆரோக்கியத்திடம் இதைச் சொல்ல வேண்டும். ஃபாதர் லூயியிடமும்.

17-10, திங்கள். மதுரை

புழுக்கம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு. டெட்டால் வாடை. வெளியே பூக்காரி கூவிக்கொண்டே இருக்கிறாள்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கொண்டையிலிருந்த காய்ந்த அரளியை நர்ஸ் எடுத்து என் கையில் கொடுத்தாள். காமு படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள். குரல் மாறிப்போகலாம் என்றார்களே, அதனால் ஒவ்வொரு சொல்லையும் உற்றுக் கேட்டேன். "வெளிய நிக்கிறவனப் பாத்துக்கங்க" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

நேரமாகிறது. இவ்வளவு நேரம் ஆகுமா? கேட்டால் "இருங்க சார்" என்கிறார்கள். உள்ளே யாரோ ஓடுகிற சத்தம். அது இந்த அறையா, அடுத்ததா? ஏதாவது சொல்லிக் கும்பிடலாம் என்றால், சின்ன வயதில் மனப்பாடம் பண்ணிய ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

பக்கத்தில் மேலூர்க்காரர் ஒருவர். மகளுக்காக உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாருங்க?"

"வீட்டுல."

"இல்ல, அப்பப் புடிச்சு 'ஒண்ணுமில்லடா, அழாத, அம்மா வந்துருவா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே. யாருட்டப் பேசுறீங்க?"

சொல்லிக்கொண்டிருந்தேனா?

"பையன்ட்ட" என்றேன்.

அவர் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

கதவு இன்னும் திறக்கவில்லை.