கம்ப்யூட்டர் லிங்கராஜின் வீட்டுக் கம்ப்யூட்டர்

8 ஜூன் 2025, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கடை லீவு. பேப்பர்காரன் எறிந்துவிட்டுப் போன பேப்பர் நனைந்து கூழாகிக் கிடந்தது. சரி, கம்ப்யூட்டரில் செய்தி பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பக்கம் திறக்கவில்லை. குரோமில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி டைனோசர், கீழே ஏதோ எழுத்து. எட்ஜைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அணைத்துப் போட்டேன். பிறகு மறுபடி அணைத்துப் போட்டேன், முதல் தடவை சரியாக அணைக்கவில்லையோ என்ற சந்தேகத்தில்.

பூமாரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு?"

"சின்ன விஷயம். பத்து நிமிசம்."

மத்தியானச் சோற்றுக்கு அவள் கூப்பிட்டபோது நான் மேசைக்கு அடியில் ஒயர்களுக்கு நடுவே படுத்திருந்தேன். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

வரும் சனிக்கிழமை அவளுக்கு ஆன்லைன் பரீட்சை. கொச்சியில் ஒரு கம்பெனி. போனில் வரும் ஆப்களுக்குத் தமிழும் மலையாளமும் எழுதிக் கொடுக்கிறவர்கள். இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த ஆள் வேண்டுமாம். என் பெண்டாட்டியைவிட வேறு யார் இருக்கிறார்கள்? கல்யாணமாகி மணக்காட்டுக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்றுதானே காலம் போகிறது. அவளே விண்ணப்பித்து, பரீட்சைக்குக் கூப்பிட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள். கிடைத்தால் முதல் ஒரு வருஷம் கொச்சியிலேயே இருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். "ரொம்ப நல்லது" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

9 ஜூன், திங்கள்

நெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு ஆட்டம் ஆடினேன். மாசாமாசம் ரூபாய் வாங்கத் தெரிகிறதல்லவா, லைன் ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாதா என்று. சாயங்காலம் ஸ்ரீஜித் என்று ஒரு பையன் மழைக்கோட்டோடு வந்தான். மோடத்தைப் பார்த்தான். தன் போனை வைஃபையில் போட்டு ஒரு பந்தாட்ட வீடியோவை ஓடவிட்டான். கோல் விழுந்தது. கோல் போட்டவன் ஓடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"சேட்டா, நெட்டுக்கு ஒரு குழப்பமும் இல்லா. சிஸ்டத்திலயாணு பிரச்னம்."

"அது எனக்கும் தெரியும். சும்மா ஒரு செக்கப்புக்குத்தான்" என்றேன்.

காலையில் நான் போட்ட சத்தத்தைப் போனில் கேட்டவனும் அவனேதான் என்று போகும்போது சொன்னான். சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

10 ஜூன், செவ்வாய்

சாலைக் கடைத்தெருவில் என்னை யாரும் லிங்கராஜ் என்று கூப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் என்பார்கள். பிளாஸ்டிக் சாமான் விற்கிறவனுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், வரிக்கணக்கெல்லாம் ஆன்லைன் ஆனபோது பயப்படாமல் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் ஆள் நான்தான். பயப்படவில்லை என்பதுதான் தகுதி. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று அரிசிக்கடைக் கோலப்பன் வந்தான். "வே கம்ப்யூட்டரு, நம்ம பிரிண்டரு செத்துப்போச்சு, ஒண்ணு வந்து பாரும்." போனேன். பிளக் பாதி கழன்று கிடந்தது. அமுக்கினேன். பில் வந்தது. ஆனால் உடனே எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தேன். மரியாதை அப்படித்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மரியாதை கிடையாது. டைனோசர்.

பெங்களூரில் இருக்கிற மகளைக் கூப்பிட்டேன். ரேஷ்மி சொன்னாள்: "அப்பா, ஸ்கிரீன்ல என்னதான் எழுதியிருக்கு? வாசிங்க."

"நெட் இல்லன்னு போட்டிருக்கு."

"அதுக்குக் கீழ?"

"கீழ என்ன, வழக்கமா போடுறதுதான். செக் பண்ணு, அது இதுன்னு."

"அப்பா, டென்ஷன் வேண்டாம், கேட்டோ? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மீட்டிங் முடிஞ்சு பாக்கறேன்."

அனுப்புகிறேன் என்றேன். ஒரு போட்டோவும் எடுத்தேன். அனுப்பவில்லை. மகளிடம் போட்டோ அனுப்பிக் கேட்கிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை என்று தோன்றியது. அதற்குப் பதிலாகப் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் சொன்னதையெல்லாம் அடித்தேன். எழுத்துகள் சரசரவென்று ஓடின. விஞ்ஞானி மாதிரி இருந்தது.

பலன்: பக்கம் திறக்கவில்லை. சத்தமும் போய்விட்டது.

11 ஜூன், புதன்

சத்தம் திரும்பி வந்தது. ஸ்பீக்கர் ஒயரைத் தூசி துடைக்கும்போது நான்தான் பிடுங்கியிருக்கிறேன்.

பூமாரி காபி வைத்துவிட்டு நின்றாள். "ஏங்க, யாராவது ஒரு ஆளைக் கூப்பிடலாமா? கிழக்கேகோட்டையில ஒரு கடை உண்டுல்லா."

"வெளியாளக் கூப்பிட்டா சாலை முழுக்கச் சிரிக்கும். கம்ப்யூட்டர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆள் வந்திருக்குன்னு."

"சாலை சிரிக்கட்டும். எனக்குச் சனிக்கிழமை பரீட்சை."

"சரியாக்கிருவேன்னு சொல்றேன்லா!"

கத்திவிட்டேன். எதற்குக் கத்தினேன்? அவள் கேட்டதில் என்ன தப்பு? அவள் போய், அறையில் கட்டிலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மாதிரிக் கேள்விகளைச் செய்துகொண்டிருந்தாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக.

பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.

12 ஜூன், வியாழன்

எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். இதில் எழுதாமல் வேறு எங்கே எழுத.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த போட்டோ போனில் கிடந்தது. சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரி: இணைய இணைப்பு இல்லை. அதற்குக் கீழே இரண்டாவது வரி: ப்ராக்ஸி சர்வரில் ஏதோ கோளாறு, அதைச் சரிபார்க்கவும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் முகத்துக்கு நேரே. சாலை வியாபாரிகளுக்கு வரித்துறை அனுப்புவதையெல்லாம் வரிவரியாக வாசித்துச் சொல்கிற நான், என் வீட்டுக் கம்ப்யூட்டர் சொன்னதில் இரண்டாவது வரிக்குப் போகவில்லை.

ப்ராக்ஸி என்றால், பக்கங்களை நேராகக் கேட்காமல் இடையில் ஒரு ஆளை வைத்துக் கேட்பது. அந்த ஆளை வேலைக்கு வைத்தவன் நான். போன மாதம் 'நெட் வேகம் இரட்டிப்பு, முற்றிலும் இலவசம்' என்று ஒன்றைப் பார்த்து ஏற்றினேன். வேகம் கூடவில்லை, விளம்பரம்தான் கூடியது. போன சனிக்கிழமை அதைத் தூக்கி எறிந்தேன். ஆள் போய்விட்டான். கம்ப்யூட்டர் மட்டும் இன்னமும் அவனிடமே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

கடையை அடைத்துவிட்டு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பூமாரி பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள், பரீட்சைக்காக. என்னிடமிருந்த சாவியால் திறந்து உட்கார்ந்தேன். செட்டிங்ஸுக்குள் போய் ப்ராக்ஸி என்ற இடத்தில் ஒரே ஒரு பொத்தான். தள்ளினேன். குரோமைத் திறந்ததும், போன வாரம் அவள் கடைசியாகப் பார்த்த பக்கம் தானாகவே வந்தது.

கொச்சியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். ஒரு அறையின் படம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் நீலத் திரை. சுத்தமான அறைதான்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் — எழுதித்தான் தீர வேண்டும் — பொத்தானைப் பழையபடி தள்ளினேன். டைனோசர் வந்தது. அணைத்துவிட்டு எழுந்தேன்.

பூமாரி வந்து தேங்காய்ச் சில்லு ஒன்றைக் கையில் தந்தாள். "ஏதாவது தெரிஞ்சுதா?"

"பாத்துட்டிருக்கேன்."

தேங்காயை மென்றேன். அது அவள் பரீட்சைக்கு உடைத்த தேங்காய். எப்படி இறங்கியதோ.

13 ஜூன், வெள்ளி

காலையில் சொல்லிவிட்டாள். கரமனையில் ராஜபாய் இருக்கிறாள், பூமாரியோடு காலேஜில் படித்தவள். அவள் வீட்டில் வைத்து எழுதப்போகிறாளாம். பேசி முடித்தாயிற்று. கோபமாகச் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நல்லதாயிற்று, இனி நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கடையில் ஒரு அம்மாள் பச்சை வாளி கேட்டாள், சிவப்பை எடுத்துக் கொடுத்தேன். பணம் வாங்காமல் அனுப்பப் பார்த்தேன். அவளே திரும்பி வந்து கொடுத்தாள்.

சாயங்காலம் வந்ததும் ப்ராக்ஸிப் பொத்தானைச் சரியாகத் தள்ளிவிட்டு, அவளிடம் சொன்னேன். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் நேத்தைக்கே சரியாயிட்டு."

"நேத்தா?"

"சரியாக்கிட்டு... நாந்தான் மறுபடி பழைய மாதிரி வச்சேன்."

கத்தி நின்றது. "எதுக்கு?"

"நீ போயிருவியோன்னு."

என் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயசு. பேச்சு ஐந்து வயசுப் பயலுடையது.

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள். "போறது பிடிக்கலன்னா அத என்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேனா மாட்டேனாங்கிறது வேற. பேசியிருக்கலாம்லா? அந்தக் கம்ப்யூட்டர எதுக்குப் போட்டுப் பாடாப்படுத்தினீங்க?"

"இப்ப சரியாக்கிட்டேன். நாளைக்கு இங்கேயே எழுது. நான் வேணும்னா கடைக்குப் போயிருறேன்."

"வேண்டாம். ராஜபாய் வீட்டுலயே எழுதிக்கிறேன்."

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுது பூமாரி, சத்தியமா."

"கம்ப்யூட்டர் மேல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றாள்.

பயற்றங்காய் நறுக்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

14 ஜூன், சனி

ஆட்டோவில் போகிறேன் என்றாள். நான் கொண்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். ஸ்கூட்டரில் ஏறினாள். என் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கிள்ளிப்பாலம் பக்கத்தில் குழியில் இறங்கியபோது மட்டும் தோள். பிறகு மறுபடி கம்பி.

அவள் உள்ளறையில் எழுத, நான் முன்னறையில் ராஜபாயின் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தேன். மனிதர் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார், சாலைக்கு வாரம் இரண்டு தடவை வருகிறவர்.

"உங்க வீட்டுல கம்ப்யூட்டர் உண்டல்லே? நீங்கதானே அங்க எல்லாருக்கும் பாத்துக் குடுக்கறது?"

கரண்ட் பிரச்சினை என்று சொல்லலாம். நாக்கு நுனியில் வந்தும்விட்டது. உள்ளே பூமாரி கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பத்து விரலும் போட்டு, வேகமாக.

"கெட்டுப்போச்சு. கெடுத்ததே நாந்தான்" என்றேன். "சரியாக்கின பிறகு இன்னொரு தடவையும் கெடுத்தேன்."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். உள்ளே தட்டும் சத்தம் ஒரு விநாடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

திரும்பி வரும்போது கையைத் தோளில் வைத்தாள். மழை பலமாக இருந்ததால் இருக்கலாம்.

16 ஜூன், திங்கள்

ராஜபாயின் வீட்டுக்காரர் கடைத்தெருவில் வந்து சொல்லியிருக்கிறார். சாலை சிரித்தது. கோலப்பன் ரொம்பச் சிரித்தான். சாகவில்லை நான்.

27 ஜூன், வெள்ளி

பூமாரிக்கு வேலை கிடைத்துவிட்டது. ரேஷ்மிக்கு முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் எனக்குச் சொன்னாள். நியாயம்தான்.

"ரொம்ப நல்லது" என்றேன். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். "பயமா இருக்கு" என்றும் சொன்னேன்.

"எனக்கும்தான்" என்றாள்.

20 ஜூலை, ஞாயிறு

கொச்சியில் விட்டுவிட்டு வந்தேன். அறையில் திரை நீலம் இல்லை, பச்சை. கட்டில் ஒன்று இல்லை, இரண்டு. ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. சரிசெய்யப் போனேன். "தொடாதீங்க" என்றாள் இரண்டு கையையும் நீட்டி. பக்கத்துக் கட்டில்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். பூமாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்.



2 ஆகஸ்ட், சனி

மத்தியானமே கடையை அடைத்தேன். கோலப்பன் எதிரே நின்று, "எங்கவே இந்நேரத்துல?" என்றான்.

"கொச்சிக்கு. வீட்டுக்காரி வேலை பாக்குற ஊருக்கு." கம்பெனி என்ன செய்கிறது, அதில் அவள் என்ன எழுதுகிறாள் என்று அவன் கேட்காததையும் சொன்னேன். ஆப்பில் அரிசி ஆர்டர் போட்டால் 'உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது' என்று தமிழில் வருகிறதே, அந்த மாதிரி வரியெல்லாம் இனி என் பெண்டாட்டி எழுதுவது என்றேன். கோலப்பன் அரிசிக்கடைக்காரன், ஆப்பில் அரிசி வாங்குகிறவர்களைப் பிடிக்காது. ஆனாலும் "அப்படியா வே!" என்றான்.

டிக்கெட்டை நானே ஆன்லைனில் எடுத்திருந்தேன். வண்டியில் ஏறி என் இருக்கைக்குப் போனால் ஒரு குடும்பம் உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தது. தகராறு பண்ணினேன். டிக்கெட்டைப் பார்த்த பரிசோதகர் அமைதியாகத் திருப்பிக் கொடுத்தார். தேதி நாளைக்கு.

பொதுப் பெட்டியில் கொல்லம் வரை நின்றேன். இடம் கிடைத்ததும் இதை எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. இதற்கு முன்னால் பூமாரியைப் போனில் கூப்பிட்டேன். இப்படி ஆகிவிட்டது என்று உடனே சொல்லிவிட்டேன். வெகுநேரம் சிரித்தாள். "வாங்க, மெதுவா வாங்க. நீங்க வர்ற வரைக்கும் சாப்பிடாம இருக்கேன்" என்றாள்.