விடுபட்ட ஒரு வசனம்

கூர், சுவிட்சர்லாந்து
06.02.2024

அன்புள்ள சிவகலா,

சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். போன் இருக்க இவளுக்கு என்னத்துக்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் கதைத்தால் அவர் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பார். பக்கவாதம் அவரின் வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்து நாலு வருடமாகிறது, காதை மட்டும் விட்டுவைத்தது. அதனால் மத்தியானச் சாப்பாட்டை வாயில் தீத்திவிட்டு, அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை சூரிச் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது நீதான். ஆறு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடக்கிற ஐரோப்பிய ஆராய்ச்சி, வீட்டில் நோயாளியைப் பராமரிக்கிறவர்களும் நிபுணர்களும் ஒரே மேசையில் இருந்து கதைக்கப்போகிறார்கள், மொழிபெயர்க்க நான் இருக்கிறேன், வா என்றாய். வைத்தியசாலை லோண்டறியில் துணி மடிக்கிறவளிடம் பேராசிரியர்களுக்கு என்ன கேள்வி இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நரைத்த தலைப் பேராசிரியை என் பெயரை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் 'புனிதவதி' என்று சரியாகக் கூப்பிட்டார். உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டார்.

சொல்லிக்கொண்டு போனேன். காலையில் ஸ்பிட்டெக்ஸ் தாதிப் பிள்ளை வந்து அவரைக் கழுவுவது, நான் லோண்டறிக்கு ஓடுவது, திரும்பி வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது. பிறகு அது தன்பாட்டில் வந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்து கேட்டாய்தானே.

"சில விடியக்காலமை, இந்த மனிசன் இண்டைக்குக் கண் முழிக்காமல் விட்டால் நல்லம் எண்டு நினைக்கிறன்."

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவரைப் பற்றி இப்படிச் சொன்னேன். மகள் ரிஷானிக்கு இதைச் சொன்னதில்லை. கோயிலில் நின்றும் சொன்னதில்லை.

நீ அதை ஜெர்மனில் சொல்லி முடிக்கும்வரை நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. நிமிர்ந்தால், ஒருவரின் முகமும் மாறவில்லை. பேராசிரியை தலையாட்டி எழுதிக்கொண்டார். தாயைப் பார்க்கிற அந்த இத்தாலிக்காரரும் தலையாட்டினார். அப்படியென்றால் இது எல்லோருக்கும் வருகிற எண்ணந்தானோ? ரயிலில் வாலன் ஏரிக் கரையால் வரும்போது அழுதேன். துக்கத்தில் இல்லை. இப்போது அவருக்குச் சவரம் செய்யும்போது அவரின் கண்ணைப் பார்க்க முடிகிறது.

உன்மேல் ஒரே குறை, கூட்டம் முடிந்ததும் சொல்லாமல் ஓடிவிட்டாய்.

உன் அன்புத் தோழி
புனிதம்


வில், சுவிட்சர்லாந்து
25.02.2024

என் புனிதத்துக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. ஒரு நாளைக்கு மூன்று இடம் என்று ஓடுகிறேன். காலையில் பள்ளிக்கூடத்தில் தாய் தகப்பன் சந்திப்பு, மத்தியானம் வைத்தியர், பின்னேரம் வேறெங்காவது. மற்றவர்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்தால் எனக்கென்று சொல்ல ஒன்றுமில்லை. முழங்காலும் வலிக்கிறது.

அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் ஓடினேன்.

என்னவர் தயாபரனின் இரண்டாவது திவசம் போன கிழமை முடிந்தது. ஐயரும் நாலு பேரும் வந்தார்கள். அவரின் கட்டில் கிடந்த இடத்தில் இன்னும் நான் ஒன்றும் வைக்கவில்லை. எதை வைப்பது என்று தெரியவில்லை.

நீ அன்று சொன்னதை வேறு எவரிடமும் சொல்லிக்கொள்ளாதே. எங்கள் ஆட்களுக்கு விளங்காது. நீ ஜெகன் அண்ணையை எப்படிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும், அது போதும். அவரைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்
சிவகலா


கூர்
02.06.2024

அன்புள்ள சிவகலா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அவருக்கு இரண்டு கிழமை சளி. இருமத் தெரியாத மனிதருக்குச் சளி வந்தால் எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்குள் திட்டத்தில் இருந்து அறிக்கையின் முதல் வரைவு தபாலில் வந்தது. அவரவர் சொன்னது சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிழையிருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் அறிவிக்கட்டாம்.

ரிஷானி வந்தபோது வாசிக்கச் சொன்னேன். பெயர் போடவில்லை, ஒன்பதாவது பங்கேற்பாளர் நான். அவள் வாசித்துத் தமிழில் சொன்னது இதுதான்: 'சில காலைகள் எனக்கு மிகவும் கடினமாக இருக்கின்றன. ஆனாலும் அவர் என் கணவர்.' அதற்குக் கீழே நிபுணர்களின் கருத்து. தமிழ்க் குடும்பங்கள் பராமரிப்பைத் தங்கள் கடமையாக ஏற்றுக்கொள்கின்றன, வெளி உதவியை அதிகம் எதிர்பார்ப்பதில்லை.

"நல்லாய்ச் சொல்லியிருக்கிறீங்கள் அம்மா" என்றாள் பிள்ளை.

நான் ஓம் என்றேன்.

என் வசனம் எங்கே போனது சிவகலா? எழுதியவர்கள் பயந்துபோய் வெட்டிவிட்டார்களோ? அன்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லையே. 'ஆனாலும் அவர் என் கணவர்' என்று நான் எங்கே சொன்னேன்? பேராசிரியைக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதித் தா. நான் சொன்னதை நான் சொன்னபடியே போடச் சொல்லு. வெளி உதவி தேவையில்லை என்று என் வாயால் சொன்னதாக ஆறு நாட்டில் வாசிக்கப்போகிறார்கள்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
புனிதம்


வில்
09.06.2024

புனிதம்,

அவர்கள் ஒன்றையும் வெட்டவில்லை. நான்தான் சொல்லவில்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் இருந்தேன். பிழையை எழுதியவர்கள்மேல் போட்டு ஒரு கடிதம் தட்டச்சும் செய்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். எத்தனையோ பேரின் அடி, உதை, புற்றுநோய், விவாகரத்து எல்லாவற்றையும் 'நான்' என்று சொல்லியிருக்கிறேன். அன்று உன் வசனம் வந்தது. வாயைத் திறந்தேன். 'என் கணவர் கண் விழிக்காவிட்டால் நல்லது என்று நான் நினைக்கிறேன்' என்று நான் சொல்ல வேண்டும்.

தயாபரன் கடைசி ஏழு மாதம் கிடந்தபோது நானும் அதை நினைத்தேன் புனிதம். ஒரு தரமல்ல. ஒரு வியாழக்கிழமை காலை, கோப்பியோடு போய் எழுப்பினேன். அவர் எழும்பவில்லை. இதை இன்றுவரை எவருக்கும் சொல்லவில்லை, இப்போது உனக்குத்தான் சொல்கிறேன்.

அந்த மேசையில் என் வாயில் வேறொரு வசனம் வந்தது. அதைத்தான் எழுதிக்கொண்டார்கள், அதற்குத்தான் தலையாட்டினார்கள். நீ நிமிர்ந்து பார்த்து ஆறுதலாய் மூச்சு விட்டதை நான் கண்டேன். அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றது பொய், வில்லுக்கு அரைமணிக்கு ஒரு ரயில் இருக்கிறது.

உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்கலாம். உனக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நொண்டிச் சாட்டு.

சிவகலா


வில்
14.07.2024

அன்புள்ள புனிதம்,

உன்னிடம் இருந்து பதில் இல்லை. நான் கேட்கவும் முடியாது.

பேராசிரியைக்கு நடந்ததை எழுதினேன். அவர் கூப்பிட்டுக் கதைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்தத் திட்டத்தில் இனி நான் மொழிபெயர்க்க முடியாது. மற்ற இடங்களுக்கும் அறிவிப்பார்கள் போலிருக்கிறது. அது சரிதான்.

கூட்டங்களை ஒலிப்பதிவு செய்யவில்லை, பங்கேற்பவர்களின் அந்தரங்கத்துக்காக. அதனால் நீ சொன்னது உன்னிடமும் என்னிடமும் மட்டுந்தான் இருக்கிறது. நான் சொல்லித் திருத்த முடியாதாம், நீயே விரும்பினால் திரும்பச் சொல்லலாமாம். செப்டம்பர் 21, கடைசிக் கூட்டம். மற்ற நாட்டு நிபுணர்களும் வருவார்கள். யாதவி என்று ஒரு பிள்ளை மொழிபெயர்க்க வருவாள், இங்கே பிறந்தவள், கெட்டிக்காரி. போகாமல் விடவும் உனக்கு உரிமை இருக்கிறது.

ஜெகன் அண்ணைக்குச் சளி மாறியதா?

சிவகலா


கூர்
17.11.2024

சிவகலா,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதைக் குளியலறையில் பூட்டிக்கொண்டு நின்று வாசித்தேன். பதில் எழுத நேரமில்லை என்று சொல்லமாட்டேன். எழுத மனமில்லை.

வசனம் விடுபட்டது ஒரு பக்கம். அந்த முகங்கள்தான் என்னை வதைத்தன. அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்று நாலு மாதம் நம்பியிருந்தேன். அவர்களுக்குக் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு காலையில் அவரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. உன்மேல் கோபம் இருந்தது. பிறகு அதுவும் களைத்துப்போனது. அவரைப் புரட்டுவதற்கு வைத்திருக்கிற பலத்தில் கோபத்துக்கும் பங்கு கொடுக்க முடியாது.

செப்டம்பர் கூட்டத்துக்குப் போனேன். கீழ் வீட்டு மரியதாஸ் அவரோடு இருந்தார். ரிஷானியையும் கூட்டிப் போனேன். யாதவி நல்ல பிள்ளை. ஆனால் என் முறை வந்தபோது, கொஞ்சம் பொறு பிள்ளை என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, என்னுடைய லோண்டறி ஜெர்மனில் நானே சொன்னேன். இலக்கணம் முழுக்கப் பிழை. வினைச்சொல்லைக் கடைசியில் போட மறந்து, திரும்ப எடுத்துப் போட்டேன். ஆனால் விளங்கியது.

இந்த முறை முகங்கள் மாறின. பேராசிரியை பேனையை வைத்துவிட்டார். இத்தாலிக்காரர் கையால் கண்ணை மூடிக்கொண்டார். பின்லாந்தில் இருந்து வந்த பெண்ணுக்கு ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெண் எழும்பி ஜன்னலடிக்குப் போனார். ஒருவரும் தலையாட்டவில்லை.

ரயிலில் சார்கான்ஸ் தாண்டும்போது ரிஷானி கேட்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ அவற்ரை பிள்ளையல்லோ" என்றேன்.

"உங்கடை பிள்ளையும்தானே அம்மா."

அறிக்கை அடுத்த வருடந்தான் முடியுமாம். தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எழுதிய பந்தியை எடுத்துவிட்டார்களாம். ஆனால் அன்று முடிந்த பிறகு பேராசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, கூரிலேயே ஒரு பகல் பராமரிப்பு இல்லம் இருக்கிறது, கேட்டுப் பார்த்தீர்களா என்றார். அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். ரிஷானி போன் பண்ணிப் பதிந்தாள். இந்த மாதத்தில் இருந்து செவ்வாய்க்கிழமைகளில் அவரைக் கூட்டிப் போகிறார்கள். முதல் நாள் வண்டியில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. போன கிழமை பார்த்தார்.

தயா அண்ணையைப் பற்றி நீ எழுதியதை எவருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ சொல்ல முடியாததை நான் சொல்லட்டும் என்றுதான் அந்தக் கூட்டத்துக்கு என்னை இழுத்தாயோ என்று சில நேரம் யோசிக்கிறேன். அப்படி நினைத்தால் உன்னை மன்னிப்பது லேசாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்பவும் தயக்கமாக இருக்கிறது. உனக்கே தெரியாமல் இருக்கலாம். எழுதி விளக்க வேண்டாம்.

செவ்வாயில் எனக்கு வேலை இல்லை. ஒன்பது மணிக்கு வண்டி வரும், நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வருவதென்றால் அந்த நேரத்துக்குள் வா. மணியை அடிக்காதே, கதவைப் பூட்டாமல் விடுகிறேன். நான் அனேகமாக நித்திரையாய்க் கிடப்பேன். எழுப்பாதே.

புனிதம்