நிழலில் காயும் கட்டைகள்

விசாகப்பட்டினத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

அங்கே சாப்பாடு ருசியாக இருக்கிறதாம். உங்கள் தம்பி சன்யாசி வந்து சொன்னார்.

போன வாரம் நம் கடைசல் பட்டறைக்கு, பொம்மையும் சிமிழும் கடையும் அங்குடு மரக் கட்டைகள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து இறங்கின. சீக்கிரம் காயட்டும் என்று சன்யாசி பாதியை வெயிலில் பரப்பினார். சாயங்காலத்துக்குள் அத்தனையும் வாய் பிளந்துவிட்டன. மீதியை நான் எடுத்துக்கொண்டேன். பட்டையை உரிக்காமல், நீங்கள் விட்டுப்போன சிவப்பு அரக்கை உருக்கி இரண்டு முனையிலும் பூசி, கொட்டகை நிழலில் அடுக்கினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

"காஞ்சப்புறம் யாரு அண்ணி கடையுறது? அண்ணன் வரட்டும். பொம்பளை கடைசல்ல உக்காந்தா ஊரு சிரிக்கும்" என்றார்.

"உங்கண்ணன் என்னை விட்டுட்டுப் போனப்பவே ஊரு சிரிச்சு முடிச்சிருச்சே. இன்னும் மிச்சம் இருக்கா?" என்றேன்.

பழைய கட்டைகளில் தினமும் பழகுகிறேன். குங்குமச் சிமிழுக்கு மூடி இப்போது கச்சிதமாக உட்காருகிறது.

உங்கள் உளியின் பிடிதான் என் கைக்குப் பருமனாக இருந்தது. அதைக் கழற்றிக் கடைசலில் மாட்டி, என் கைக்கு ஒல்லியாக இழைத்துவிட்டேன். இனி நீங்களே வந்து பிடித்தாலும் அது உங்கள் கைக்கு நிற்காது.

இப்படிக்கு,
பட்டறையை நடத்துகிறவள்