நாளை பாப்பாவுக்கு ஊசி

ஆனி, வியாழன் இரவு. சாரல் இன்னும் விடவில்லை.

நாளை பேத்திக்குத் தட்டம்மை ஊசி. மகன் பட்டாளத்தில் இருக்கிறான். மருமகள் செல்விதான் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, போடலாம்லா?"

கொரோனா ஊசிக்குப் பின் என் இடது கையில் தொடங்கிய மதமதப்பு இன்னும் போகவில்லை. ஊசியாலா, வயதாலா, டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போன வாரம் குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்றபோது, அந்தக் கையில் விழுந்த தண்ணீர் பக்கத்தில் நிற்பவர்மேல் விழுவதுபோல இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைக்கு ஊசியே போடமாட்டார்களோ என்று பயம்.

"போடணும்மா. தட்டம்மை பொல்லாதது," என்றேன்.

"உங்க கை மரத்துக் கெடக்கது எனக்குத் தெரியும் மாமா. சட்டை பட்டனைக் கண்ணாடியப் பாத்துல்லா போடுதிய. அதான் உங்ககிட்டயே கேட்டேன். இப்பச் சொல்லுங்க, போடலாமா?"

அப்போதும் போடணும் என்றேன்.

"அப்போ நீங்களே மடியில வச்சுக்கிடுங்க. நான் கண்ண மூடிக்கிடுவேன். பாத்தா அழுதுருவேன்."

தலையாட்டிவிட்டேன். போடணும் என்று நம்பித்தான் சொன்னேனா, மறுத்துப் பேசப் பயந்து சொன்னேனா? இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

இப்போது தலையணையை மடியில் வைத்துப் பார்த்தேன். வலது கையால் பாப்பாவின் காலை உதைக்காமல் பிடித்துக்கொள்ளலாம். இடது கை சும்மா அணைத்திருந்தால் போதும். ஆனால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று அதற்குத் தெரியாது. பாப்பா அழுதால் ஊசிக்கா, என் பிடிக்கா?

செல்வியிடம் காலையில் சொல்ல வேண்டும், கண்ணை மூடாதே, என் இடது கையைப் பார்த்துக்கொண்டே நில் என்று. சொல்லிவிடுவேனா?