தம்ளர் விளிம்பில் மழுக்கிய சவரக்கத்தி

வெண்டல்,

முகத்தில் நுரை பூசும் முன் இதைப் படி. சவரக்கத்தியைத் தேடாதே, நான் எடுத்துப் போகிறேன்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிறவனுக்குப் புதிதாக இந்த மடக்குச் சவரக்கத்தி எதற்கு என்று நேற்று கேட்டேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா, ஜோலீன்?" என்றாய். நீ குளிக்கப் போனதும் அதன் கூர்ப் பக்கத்தைக் கண்ணாடித் தம்ளர் விளிம்பில் இழுத்து மழுக்கிவிட்டேன். மழுங்கினால் வெட்டாதென்று நினைத்தேன்.

இப்போது சலூன் ஓடிஸிடம் போனில் சொன்னேன். "என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கே? கூரான கத்தி தொட்டாலே வழிச்சிடும். மழுங்கினதைத்தான் புதுசா பழகுறவன் அழுத்துவான். அழுத்தினா கழுத்து போச்சு" என்றார்.

அவரே கல்லில் தீட்டித் தருவார். அப்புறம் நீ தினமும் கூரைச் சீராக்கத் தோல்வாரில் தேய்க்கும்போது கத்தியின் முதுகு முன்னே போகணுமாம், கூர் பின்னால் வரணுமாம்.

ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. மாத்திரையை மறக்காதே.

பி.கு.: கத்தி கைதவறினால் பிடிக்கப் போகாதே, விழட்டும்.

இன்னொன்று: சாயங்காலம் நான் வந்ததும் என்னைத் திட்டு. திட்டுவதற்கு அந்தத் தொண்டை இருந்தால் போதும்.